கிக்கருக்குப் பக்கத்தில் ஒரு விரிசல்

வெள்ளிக்கிழமை மாலை ஆறு நாற்பது. முன்கூடத்துச் சிமெண்ட் தரையில், புல்லட்டின் வலது பக்கத்துக்கு நேர் கீழே, ஒரு கறுப்புச் சொட்டு இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் மேல் இன்னொன்று விழுந்தது.

என் கணவர் அப்போதுதான் மலையிலிருந்து இறங்கி வந்து, கை கால் கழுவப் பின்பக்கம் போயிருந்தார். வண்டி இன்னும் சூடாக இருந்தது. டார்ச்சை எடுத்து வந்து குனிந்து பார்த்தேன். கிக்கர் தண்டு நுழைகிற இடத்தைச் சுற்றி ஓர் அலுமினிய மூடி உண்டு. அதற்குள் இருப்பது கியர் பெட்டி என்றாலும் எங்கள் ஊரில் எல்லோரும் அதை இன்ஜின் கவர் என்றுதான் சொல்வார்கள். அதில், தண்டின் விளிம்பிலிருந்து கீழ்நோக்கி, ஒரு விரல் நீளத்துக்குத் தலைமுடி போல ஒரு கோடு. எண்ணெய் அந்தக் கோட்டிலிருந்து வந்துகொண்டிருந்தது.

"ஏங்க, கவரு விரிசல் உட்டிருக்கு" என்றேன்.

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார். எங்கே என்று கேட்கவில்லை. குனிந்து பார்க்கவும் இல்லை.

"கரியாலூர் தாண்டி ஒரு கல்லு தூக்கி அடிச்சிது. நாளைக்குப் பாத்துக்கலாம்."

நான் ஒரு நாளிதழின் மாவட்டப் பதிப்பில் பல வருடம் வேலை பார்த்தவள். என் மேசைக்கு வந்தவற்றில் பாதி சாலை விபத்துகள். காவல் நிலையத்திலிருந்து வரும் தகவலில் 'நிலைதடுமாறி' என்று ஒரு சொல் எப்போதும் இருக்கும். லாரி மோதினாலும், குடித்திருந்தாலும், தூங்கிவிட்டாலும் அந்த ஒரே சொல்தான். அதை அடித்துவிட்டு, உண்மையில் என்ன நடந்தது என்று செய்தியாளருக்கு போன் செய்வது என் வேலையாக இருந்தது. கல் தூக்கி அடித்தது என்பதும் அந்த இனத்தைச் சேர்ந்த ஒரு வாக்கியமாகவே எனக்குப் பட்டது.

கல் அடித்தால் வடு இருக்கும். இந்த மூடியில் கீறல்கூட இல்லை. மலைச்சாலையின் செம்மண் அதன் மேல் படிந்து காய்ந்து, கலையாமல் இருந்தது. விரிசலின் இரண்டு ஓரங்களும் வெளிப்பக்கமாக லேசாக எழும்பியிருந்தன. விரலால் தடவினால் தட்டியது. வெளியிலிருந்து அடி விழுந்திருந்தால் உள்ளே அமுங்கியிருக்க வேண்டும்.

இன்னொன்றும் இருந்தது. தெருமுனையில் திரும்பும்போது அவர் கியரைக் குறைக்கும் சத்தம் எனக்குப் பழக்கம். அதைக் கேட்டுத்தான் அடுப்பில் காப்பிக்குத் தண்ணீர் வைப்பேன். அன்று அந்தச் சத்தம் வரவில்லை. ஒரே திணறலாக வாசல் வரை வந்து நின்றது. காப்பி தாமதமானது.

கல்யாணமான நாளிலிருந்து இதுவரை அவர் சொன்ன பொய் என்று ஒன்றையும் நான் பிடித்ததில்லை. இது முதலாவதா, அல்லது நான் பிடித்தவற்றில் முதலாவதா என்று யோசித்துக்கொண்டே சொட்டுக்குக் கீழே ஒரு பழைய செய்தித்தாளை விரித்தேன்.

அந்த வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். காவல்துறை ஏலத்தில் எடுத்தது. கறுப்புப் பெயிண்டைச் சுரண்டினால் உள்ளே பழைய நிறம் தெரியும். பழைய வகை. கிக்கரும் கியரும் வலது காலில், பிரேக் இடது காலில். மலைமேல் இருக்கும் உண்டு உறைவிடப் பள்ளியில் அவர் கணக்கு வாத்தியார்; திங்கட்கிழமை போனால் வெள்ளிக்கிழமைதான் இறங்குவார். சேர்ந்த புதிதில், அந்தச் சத்தம் ஊருக்குள் வந்தாலே ஆண்கள் பின்வாசல் வழியாகக் காட்டுக்குப் போய்விடுவார்களாம். வருவது போலீஸ் இல்லை, வாத்தியார் என்று ஊருக்குப் புரிய ஒரு பருவம் ஆயிற்று. இன்றும் அந்த வண்டியைச் செக்போஸ்டில் யாரும் நிறுத்துவதில்லை.

இந்தக் கடைசி விஷயம்தான் அன்று இரவுச் சாப்பாட்டின்போது எனக்கு நினைவுக்கு வந்தது. மலையிலிருந்து கீழே சாராயம் எதில் எதில் அடைத்து இறங்குகிறது என்று எத்தனையோ செய்தி எழுதியிருக்கிறோம். நிறுத்தப்படாத ஒரு வண்டியை யாராவது இரவல் கேட்டிருக்கலாம். இவர் மறுக்கத் தெரியாதவர். அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே எழுந்து போய் வண்டியின் பக்கப் பெட்டியைத் திறந்து முகர்ந்து பார்த்தேன். பலாப்பழ வாடை வந்தது. அடியில் ஒரு பலாக்கொட்டை ஒட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை நானும் மெக்கானிக் கடைக்கு வருகிறேன் என்றேன்.

"நீ எதுக்கு? அங்க உக்கார ஒரு ஸ்டூல் கூட இல்ல."

"நின்னுக்கறேன்."

வண்டியை அவர் கிளப்பிய விதத்தைக் கவனித்தேன். அதற்கு ஒரு முறை உண்டு. வண்டி வந்த நாளிலிருந்து நான் பார்ப்பது. சாவியைத் திருப்பி, கிக்கரை மெதுவாக மிதித்து, விளக்கின் மேல் இருக்கும் ஆம்பியர் முள் நடுவுக்கு வருகிறதா என்று பார்ப்பார். வந்ததும் இடது கையால், இன்ஜினுக்குள் அழுத்தத்தைத் தளர்த்தும் டிகம்ப்ரஷன் பிடியை அழுத்தி இன்னும் கொஞ்சம் இறக்குவார். அப்புறம் கிக்கரை மேலே விட்டு, ஒரே உதை. முள்ளைப் பார்க்காமல் அவர் உதைத்ததே இல்லை. அன்று கிக்கர் பக்கமே போகவில்லை. மிதித்தால் இன்னும் விரியும் என்று சொல்லி, தெருச் சரிவில் உருட்டிவிட்டுக் கிளப்பினார். காரணம் சரியானது. சரியான காரணமாக இருந்ததும் எனக்குப் பிடிக்கவில்லை.

மெக்கானிக் கடை கச்சிராயபாளையம் சாலையில். அவருக்கு நாற்பது வயது இருக்கும். வடக்கனந்தலிலிருந்து வந்து போகிறவர். எங்கள் வண்டியை இருபது வயதிலிருந்து பார்க்கிறார். என்னைப் பார்த்ததும் கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, "இன்னாக்கா, நீங்களும் வந்துட்டீங்க" என்றார். அதில் வரவேற்பு கம்மிதான்.

உட்கார்ந்து விரிசலைத் தொட்டுப் பார்த்தவர், அடுத்து மூடியைப் பார்க்கவில்லை. என் கணவர் முகத்தைப் பார்த்தார். அவர் சாலையில் போகும் கரும்பு டிராக்டரைப் பார்த்தார்.

எம்சீலைப் பிசைந்து அப்பிக் கொடுத்தால் போதும், திங்கட்கிழமை போக வேண்டும் என்று என் கணவர் சொன்னார். மெக்கானிக் உடனே தலையாட்டினார். எங்கள் மிக்ஸியைக்கூடப் பிரித்துப் பார்க்காமல் விடமாட்டேன் என்றவர், இவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டது புதிது.

"கழட்டிப் பாருங்க" என்றேன்.

"கழட்டினா ஆர்கன் வெல்டிங் வரைக்கும் போவும்க்கா. லேட்டாவும்."

"ஆவட்டும். மலையில நடு வழியில நின்னா யாரு தள்றது?"

கிக்கரையும் கியர் லீவரையும் உருவி, திருகுகளைக் கழற்றி, மூடியை மரச்சுத்தியால் தட்டி எடுத்தார். கிரீஸ் குழம்பாக வழிந்தது. அதில் விரலை விட்டுத் துழாவி நகம் அளவுக்கு ஒரு வெள்ளைத் துண்டை எடுத்தவர், சட்டென்று உள்ளங்கையை மூடிக்கொண்டார்.

"அது இன்னாங்க?"

"ஒண்ணுமில்லக்கா. வேஸ்டு பீஸு."

மூடியின் உட்பக்கத்தில், கிக்கர் திரும்பி வந்து நிற்க வேண்டிய முட்டு ஒன்று இருந்தது. அதன் முனை பிய்ந்திருந்தது. பிய்ந்த இடம் புதிதாகப் பளபளத்தது. அந்த வெள்ளைத் துண்டு அங்கே சரியாகப் பொருந்தும் என்பதைத் தெரிந்துகொள்ள யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

துருகம் சாலையில் ஆர்கன் வெல்டிங் செய்கிறவரிடம் மூன்று பேரும் ஆட்டோவில் போனோம். மூடி என் மடியில், ஒரு சாக்கில் இருந்தது. வெல்டர் பெரிய உடம்புக்காரர், பேச்சும் பெரிது. மூடியைப் பெட்ரோலில் கழுவி, தீயில் வாட்டி, ஊறியிருந்த எண்ணெயை வெளியே வரவைத்துத் துடைத்தார். பழைய அலுமினியம் வியர்த்துக்கொண்டே இருந்தது. அப்புறம் வெளிப்பக்கம் முழுவதும் சாக்பீஸ் தூளைப் பூசினார். உட்பக்கம் துணியில் மண்ணெண்ணெய் நனைத்து ஒற்றினார். வெள்ளைத் தூளில் ஈரக்கோடு ஒன்று மெல்ல எழும்பியது. நான் டார்ச்சில் பார்த்ததைவிட நீளம். முட்டு இருந்த இடத்தில் தொடங்கி, தண்டின் துளையைச் சுற்றி, கீழே இறங்கி, நுனியில் இரண்டாகப் பிரிந்தது.

"ரிவர்ஸ் அடிச்சிருக்கு" என்றார் வெல்டர். "யாரு சார் உதைச்சது? புதுசா யாருக்காச்சும் வண்டி கத்துக்குடுக்கறீங்களா?"

"அண்ணே, வேலையப் பாருண்ணே" என்றார் மெக்கானிக்.

என் கணவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ரிவர்ஸ் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். முள் நடுவில் நிற்காதபோது உதைத்தால் இன்ஜின் எதிர்ப்பக்கம் சுற்றி, கிக்கரை வந்த வழியே திருப்பி அடிக்கும். அப்போது உதைத்தவரின் கால் உடையும், அல்லது மூடி உடையும். அவருக்கு ஒருநாளும் நடக்காதது. ஆகவே உதைத்தது அவர் இல்லை. கல்லும் இல்லை. வேறு ஒரு கால்.

விரிசலின் இரண்டு நுனிகளிலும் சின்னத் துளை போட்டார்கள், அதற்கு மேல் ஓடாமல் இருக்க. கோட்டின் நெடுக ஒரு பள்ளம் அறுத்தார்கள். சூட்டில் நெளியாமலிருக்க மூடியை ஒரு கனத்த இரும்புத் தகட்டோடு போல்ட் போட்டு இறுக்கினார்கள். வெல்டிங் வெளிச்சத்தைப் பார்க்கக் கூடாது என்று என்னைக் கொட்டகைக்குப் பின்னால் அனுப்பிவிட்டார்கள். போனேன். தகரச் சுவர்தானே. வெல்டிங் சீற்றம் நின்ற ஓர் இடைவெளியில், மெக்கானிக்கின் குரல் தாழ்ந்து கேட்டது.

"நேத்து போன்ல சொன்னீங்களே, அந்தம்மா காலு எப்டி சார் கீது?"

"காலைல போன்ல கேட்டேன். வீக்கம் கம்மியாயிடுச்சாம். நடக்கறாங்க."

அப்புறம் மறுபடியும் சீற்றம்.

அந்தம்மா. மெக்கானிக்குக்குத் தெரிந்த, எனக்குத் தெரியாத ஓர் அம்மா. நடக்கறாங்க என்று அவர் மரியாதை கொடுத்துச் சொல்கிற ஓர் அம்மா. நான் தகரத்தின் மேல் கை வைத்திருந்தேன். சுட்டதும் எடுத்தேன்.

வெல்டிங் முடிந்த மூடியைச் சாம்பலுக்குள் புதைத்து வைத்தார்கள். வேகமாக ஆறினால் மறுபடி விரியுமாம். முகப்பைச் சமம் செய்ய வேண்டும், பிய்ந்த முட்டின் முனையைப் புதிதாகக் கட்டி அறுக்க வேண்டும், உள்ளே கியர் பல்லும் தேய்ந்திருக்கிறது, அடுத்த சனிக்கிழமை வாருங்கள் என்று மெக்கானிக் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசைக்குப் போனோம். கோயில் வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. பூசை முடிந்து வெளியே வந்தபோது எல்லோரும் பேசிக்கொண்டே கால்களை நுழைத்துக்கொண்டு போனார்கள். இவர் நின்று, குனிந்து, வலது காலையே பார்த்தபடி செருப்பை மாட்டினார், ஊசியில் நூல் கோப்பவர்போல. செருப்பு புதிது. முந்தைய ஜோடியில் ஒன்றை நாய் தூக்கிப்போய்விட்டது என்று சொல்லியிருந்தார். அதற்கு முந்தையதையும் நாய்தான். மலையில் நாய்கள் ஜாஸ்தி என்று அப்போது நினைத்தேன். இப்போது நாய்களையும் சந்தேகப்பட்டேன்.

அவரிடம் எதையும் கேட்கவில்லை. சம்பந்தப்பட்டவரைக் கடைசியாகத்தான் கேட்க வேண்டும் என்பது மேசையில் பழகியது. முதலிலேயே கேட்டால் அவர் சொல்லும் பதில்தான் செய்தியாகிவிடும். திங்கட்கிழமை அவர் பஸ்ஸில் மலைக்குப் போனார். புதன்கிழமை, அவரிடம் சொல்லாமல், நானும் வெள்ளிமலை பஸ்ஸில் ஏறினேன்.

கோமுகி அணையைத் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் பஸ் பேச்சை நிறுத்திவிட்டது. எனக்குப் பக்கத்தில் ஒருவர் கோழியை மடியில் வைத்துக்கொண்டு தூங்கினார். போய் என்ன கேட்பது என்று ஒரு வாக்கியத்தை மனதில் திருத்தித் திருத்தி எழுதிக்கொண்டிருந்தேன். எப்படி எழுதினாலும் அது குற்றப்பத்திரிகையாகவே வந்தது.

பள்ளியில் பாடம் நடந்துகொண்டிருந்தது. அலுவலக அறைக்குப் போகாமல், புகை வந்த திசையில் சமையல் கொட்டகைக்குப் போனேன். அரிசி களைந்த தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கலாம். நல்ல உயரம், அகன்ற தோள். வலது கணுக்காலில் மஞ்சள் பத்துப் போட்டுத் துணி சுற்றியிருந்தது.

நான் யாரென்று சொல்லும் முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது. வாத்தியார் தன் கைப்பேசியில் என் படத்தைக் காட்டியிருக்கிறாராம்.

"கவர ஒடச்சது நாந்தான்" என்றாள். "அதுக்குன்னு வூட்லேர்ந்து பஸ் ஏறி வரணுமா? வாத்தியாரே ஒண்ணும் சொல்லல."

"நான் சண்டைக்கு வரலம்மா."

"அப்ப எதுக்கு வந்தீங்க?"

பஸ்ஸில் திருத்திய வாக்கியத்தை விட்டுவிட்டேன். காலில் என்ன என்று கேட்டேன்.

"உங்க வண்டிதான். மாடு கூட ஒதைக்கறதுக்கு முன்னாடி ஒரு பார்வ பாக்கும். இது சொல்லாம கொள்ளாம ஒதச்சிச்சி." அவள் சிரிக்கவில்லை. "முள்ளு நடுவுல நிக்கணும், அப்பாலதான் ஒதைக்கணும்னு வாத்தியாரு எப்பவும் சொல்லுவாரு. அன்னிக்கி மழ வரா மாரி இருந்திச்சி. பருப்பு அடுப்புல. முள்ளப் பாக்காம ஒரு ஒத உட்டேன்."

வெள்ளிக்கிழமைதோறும் வண்டியை உதைத்துக் கொடுப்பது அவள்தான் என்று அதற்குப் பிறகு தெரிந்தது. மலைமேல் மற்ற ஆசிரியர்கள் ஸ்கூட்டி ஓட்டுகிறவர்கள். பொத்தானை அழுத்தினால் போதும் அவர்களுக்கு. ஒருவர் முயன்று பார்த்து, கிக்கர் இறங்கவே இல்லை என்று கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாராம். இவள் வெறுங்காலால் உதைத்தாள், முதல் உதையிலேயே கிளம்பியது. அதிலிருந்து இது அவள் வேலை. அதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரலில் ஒரு நிமிர்வு இருந்தது. அடிபட்ட அன்று வண்டியை இறக்கத்தில் தள்ளிவிட்டதும், ஒற்றைக் காலால், அவள்தான்.

"அவரு ஏன் உதைக்கறதில்ல?"

அவள் என்னைப் பார்த்தாள். இப்போது சந்தேகம் அவள் பக்கம் போயிருந்தது.

"முட்டி வலின்னாரு. ஆடி மாசத்துலேர்ந்து. உங்ககிட்ட சொல்லலியா?"

திங்கட்கிழமை விடிகாலையில், தெருவை எழுப்ப வேண்டாம் என்று அவர் வண்டியைச் சரிவில் உருட்டித்தான் கிளப்புவார்; அவர் உதைத்து நான் பார்த்துச் சில மாதம் ஆகிவிட்டது என்பது அப்போதுதான் உறைத்தது. என்னிடம் கல் என்றவர் இங்கே முட்டி என்றிருக்கிறார். வீட்டில் அவர் தரையில் உட்கார்ந்து எழுந்திருக்கிறார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. கோயிலில் எல்லோரோடும் முழந்தாளிடுகிறார்.

"முட்டி வலி இல்லைன்னு நெனக்கறேன்" என்றேன்.

"எனக்கும் அதான் தோணுச்சி." அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அரிசி மூட்டைகள் இருந்த அறைக்குள் போனாள். திரும்பி வந்தபோது கையில் இரண்டு செருப்புகள் இருந்தன. ஒன்று பழுப்பு, ஒன்று கறுப்பு. இரண்டுமே நான் பார்த்தவை. இரண்டும் வலது கால்.

"ஒண்ணு ஓடகிட்ட கெடந்திச்சி. ஒண்ணு கொடிமரத்தாண்ட. வகுப்புலேர்ந்து வருவாரு, ஒரு காலுலதான் செருப்பு இருக்கும். 'சார், செருப்பு'ன்னு சொன்னா, கீழ பாத்துட்டு சிரிப்பாரு. ஒரு தபா கண்ணாடிச் சில்லு கிழிச்சி ரத்தம் வந்துக்கினு இருந்திச்சி. தரையெல்லாம் காலு காலா ரத்தம். அவுரு பாட்டுக்கு நடந்துக்கினு இருந்தாரு."

"நாய் தூக்கிப் போச்சுன்னு சொன்னாரு."

"எங்க ஊரு நாய்ங்க செருப்பு தின்னாது" என்றாள் கோபமாக.

அந்தக் காயம் எனக்குத் தெரியும். முள் என்று சொல்லியிருந்தார். ஆறுவதற்கு நெடுநாள் ஆயிற்று. சர்க்கரை என்று தெரிந்து மாத்திரை போட ஆரம்பித்துப் பல வருடம் ஆகிறது. மாத்திரை போடுகிறாரா என்று மட்டும் தினமும் கேட்பேன்.

மணி அடிப்பதற்குள் கிளம்பிவிட்டேன். வகுப்பறை ஜன்னலைத் தாண்டும்போது அவர் முதுகைக் காட்டிக்கொண்டு கரும்பலகையில் ஒரு வட்டம் போட்டுக்கொண்டிருந்தார். காலடியைப் பார்த்தேன். இரண்டு செருப்பும் இருந்தன. பஸ்ஸில் வரும்போது பையில் இருந்த இரண்டு வலது செருப்புகளும் ஒவ்வொரு வளைவிலும் என் முழங்காலில் இடித்தன.

வெள்ளிக்கிழமை அவர் வந்தபோது அவை வாசல் செருப்புத் தட்டில் இருந்தன. பார்த்தார். தன் செருப்பைக் கழற்றி அவற்றின் பக்கத்தில் வைத்தார். அன்று எங்கள் வீட்டில் நடந்த பேச்சு சாம்பாரில் உப்பு போதுமா என்பதைப் பற்றியது.

சனிக்கிழமை மூடி தயாராக இருந்தது. வெல்டிங் தையல் போட்ட இடம் ஒரு தழும்பு மாதிரி எழும்பியிருந்தது. அரத்தால் தேய்த்துப் பாலிஷ் போட்டால் தெரியாமல் போய்விடும் என்றார் மெக்கானிக். அப்படியே இருக்கட்டும் என்றேன். புது கேஸ்கெட் வைத்து, எதிரெதிர் திருகுகளாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, எண்ணெய் ஊற்றினார். கையைத் துடைத்துக்கொண்டு கிக்கரில் காலை வைக்கப் போனார்.

"அவரு உதைக்கட்டும்" என்றேன்.

மெக்கானிக் அவரைப் பார்த்தார். இந்த முறை என் கணவர் சாலையைப் பார்க்கவில்லை. வண்டியில் ஏறி உட்கார்ந்தார். சாவியைத் திருப்பினார். வலது காலைத் தூக்கி, குனிந்து பார்த்து, கிக்கரின் மேல் வைத்தார். மெதுவாக இறக்கினார். முள் ஆடி, நடுவில் வந்து நின்றது. டிகம்ப்ரஷனை அழுத்தினார். எல்லாம் முறைப்படி. கிக்கரை மேலே விட்டபோது அவர் பார்வை முள்ளின் மேல் இருந்தது. காலைப் பார்க்கவில்லை. கால் கிக்கரிலிருந்து நழுவிச் செருப்போடு கீழே இறங்கியது. செருப்பு தனியாக விழுந்தது. வெறும் பாதம் கால்தாங்கிக்குப் பக்கத்தில் காற்றில் நின்றது. அவர் உடம்பை உயர்த்தி, மூச்சைப் பிடித்து, அந்தக் காலால் ஓங்கி உதைத்தார்.

கீழே எதுவும் இல்லை. வண்டியோடு வலது பக்கமாகச் சாய்ந்தார். மெக்கானிக்கும் நானும் பிடித்தோம்.

கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தோம். பிறகு மெக்கானிக், கை ஏற்கெனவே சுத்தமாக இருந்தும், கழுவ வேண்டும் என்று சொல்லி உள்ளே போனார்.

"தரை தெரிய மாட்டேங்குது" என்றார் என் கணவர். "பாத்தாதான் கால் எங்க இருக்குன்னு தெரியுது. கியர் போட்டேனா இல்லையான்னு சத்தத்த வெச்சித்தான் கண்டுபிடிக்கறேன்."

"அந்த மலையில. அத்தன வளைவுல."

"பிரேக்கு இடது காலுதானே."

இதை அவர் பல மாதமாகத் தனக்குத்தானே சொல்லிவந்திருக்க வேண்டும். அவ்வளவு தயாராக வந்தது.

"ஏன் சொல்லல?"

"நீ நிறுத்திடுவ."

"நிறுத்திடுவேன்தான்."

வண்டியை மெக்கானிக் ஓட்டிவந்து முன்கூடத்தில் நிறுத்தினார். நாங்கள் நடந்து வந்தோம். அவர் ஒவ்வொரு அடியையும் பார்த்து வைத்தார். நானும் பார்த்துக்கொண்டு வந்தேன். அடுத்த வாரம் மருத்துவர் அவரைக் கண்ணை மூடச் சொல்லி, ஒரு நைலான் நூலால் பாதத்தை இங்கும் அங்கும் தொட்டு, தெரிந்தால் சொல்லுங்கள் என்றார். இடது காலில் சில இடங்களில் சொன்னார். வலது காலில் அறை அமைதியாகவே இருந்தது. சர்க்கரைக்காரர்களுக்கு வருவதுதான், இனி வெறுங்காலோடு நடக்கக் கூடாது, வண்டி ஓட்டக் கூடாது என்றார் மருத்துவர். வார் வைத்த செருப்பு வாங்கினோம். திங்கட்கிழமைகளில் அவர் வெள்ளிமலை பஸ்ஸில் போகிறார். கண்டக்டர் முன்சீட்டில் இடம் போட்டு வைக்கிறாராம். சமையல்காரப் பெண்ணின் கால் சரியாகிவிட்டது. வண்டி எப்போது வரும் என்று வாரம் ஒருமுறை கேட்கிறாளாம்.

வண்டியை விற்பதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அதற்குக் கீழே செய்தித்தாள் விரித்திருக்கிறேன். காலையில் கூட்டும்போது எடுத்துப் பார்ப்பேன். மூடியில் கசிவு இல்லை. தாள் காய்ந்தே இருக்கிறது.

அதோடு, மீட்டரையும் பார்ப்பேன். அந்தக் காலத்து மீட்டர் இன்னும் ஓடுவது அவருக்குப் பெருமை; கேபிள் அறுந்தால் அன்றைக்கே மாற்றிவிடுவார். மெக்கானிக் கொண்டுவந்து நிறுத்திய நாளில் அதில் இருந்த எண் எனக்கு மனப்பாடம்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. பார்த்தேன். நான்கு கிலோமீட்டர் கூடியிருந்தது.